பழைய கேரவனுக்கு எது நியாயமான விலை?

ஒரு பொருளுக்கு இதுவே உரிய விலை என்று சொல்லத்தக்க ஒன்று உண்டா, அல்லது விற்பவரும் வாங்குபவரும் மனமொத்து முடிவு செய்யும் எந்தத் தொகையும் உரிய விலைதானா என்ற கேள்வியைச் சமய அறிஞர்களும் தத்துவ அறிஞர்களும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்து வந்திருக்கிறார்கள். விலைச்சீட்டு ஒட்டி விற்கப்படும் புதிய பொருளிலோ, ஒரு மூட்டைக்கும் மறு மூட்டைக்கும் வேறுபாடில்லாத கோதுமையிலோ இக்கேள்வி அவ்வளவாக உறைப்பதில்லை. தன்னைப் போல் இன்னொன்று இல்லாத பழைய பொருள் ஒன்று, இனி ஒருவரையொருவர் பார்க்கப்போவதில்லாத இரு தனிமனிதர்களுக்கிடையே கைமாறும்போதுதான் அதன் முழுக் கனமும் தெரிகிறது. அமெரிக்காவில் 'ஆர்.வி.' என்று சுருக்கமாக வழங்கப்படும் உல்லாசப் பயண ஊர்தி, அதாவது படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை ஆகியவற்றோடு சாலையில் ஓடும் சிறு வீடு, அத்தகைய பொருள்களுள் ஒன்று. திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவன் வழியாகத் தமிழ்நாட்டாருக்கும் அது பழகிய உருவமே. அந்த ஊர்தியைப் பழையதாக வாங்கும்போது பேசப்படும் பேரத்தை அறநோக்கில் ஆராய்ந்தால், விலை என்னும் எண்ணைவிட வேறு இரண்டு செய்திகள், அதாவது ஒருவர் அறிந்து மற்றவர் அறியாதிருக்கும் உண்மையும் ஒருவரை நெருக்கும் தேவையும், நியாயத்தைத் தீர்மானிப்பவை என்பது புலப்படும்.

இவ்வூர்திகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. தன் எஞ்சினாலேயே ஓடுவது மோட்டார்ஹோம் என்றும், வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படுவது டிராவல் டிரெய்லர் என்றும் பெயர் பெறும். வகை எதுவானாலும், பலவற்றின் சுவர் மரம் அல்லது அலுமினியச் சட்டத்தின் மேல் மெல்லிய ஒட்டுப்பலகையையும் அதன் மேல் ஃபைபர்கிளாஸ் தகட்டையும் ஒட்டி எழுப்பப்பட்டது. கூரையின் மேல் பல வண்டிகளில் ரப்பர் விரிப்பு ஒட்டப்பட்டிருக்கும். கூரையில் காற்றுத் துளைகளையும் ஓரங்களையும் சுற்றிப் பூசிய அடைப்புப் பசை சில ஆண்டு வெயிலில் வெடித்து, அந்த மயிரிழைப் பிளவின் வழியே இறங்கும் மழைநீர் உள்ளேயிருக்கும் மரத்தை வெளியே தெரியாமல் மக்கச் செய்கிறது. வெளிச்சுவரின் தகடு உப்பிக் கொப்புளம் போல் எழும்போதோ, குளியலறை ஓரத்தில் கால் வைத்தவுடன் தரை மெத்தென்று அமுங்கும்போதோதான் சேதம் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் பழுதுபார்க்கும் செலவு வண்டியின் விலையையே எட்டிவிடக்கூடும். விவரம் அறிந்தவர்கள் மேல்அலமாரியின் உள்மூலையில் ஈரமானியை அழுத்திப் பார்ப்பதும், புதிதாகப் பூசிய பசையைக் கண்டால் ஐயம் கொள்வதும் இதனால்தான். சக்கரங்களிலும் இதே நிலைதான்: வண்டி ஆண்டில் சில வாரங்களே ஓடுவதால் டயரின் வரிகள் புதிதுபோல் இருக்கும், ஆனால் அதன் பக்கவாட்டில் பொறித்த குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் 2316 என்றிருந்தால் அது 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது என்று பொருள், அந்த வயதுடைய ரப்பர் நெடுஞ்சாலையின் வெப்பத்தில் வெடிக்கும் அபாயம் உள்ளது. இவை அனைத்தையும் பல ஆண்டு அவ்வண்டியில் உறங்கி எழுந்த உரிமையாளர் அறிந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு பிற்பகலில் வந்து பார்த்துப் போகிறவருக்கு அது அரிது.

இத்தகைய பொருளுக்குத் துல்லியமான ஒரே விலை இருக்க முடியாது. ஜே.டி. பவர் நிறுவனம் வெளியிடும் விலைக் கையேடு போன்றவை ஒரு மாதிரிக்கும் ஆண்டுக்கும் உரிய வரம்பைத் தருகின்றனவேயன்றி, முற்றத்தில் நிற்கும் இந்தக் குறிப்பிட்ட வண்டியின் விலையைத் தருவதில்லை. இதைக் கிறிஸ்தவ அறவியலாளர்கள் முன்பே நன்கு உணர்ந்திருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் 'இறையியல் தொகுப்பு' எழுதிய தாமஸ் அக்குவினாஸ், அந்நூலின் இரண்டாம் பாகத்தில் விற்பனை மோசடியைத் தனி வினாவாக எடுத்துக்கொண்டு, நியாய விலை என்பது புள்ளி பிசகாமல் வரையறுக்கப்பட்ட ஒன்றன்று, ஒருவகை மதிப்பீட்டையே சார்ந்தது, ஆகவே சிறு ஏற்ற இறக்கம் நீதியைக் குலைப்பதில்லை என்று கருதினார். பதினேழாம் நூற்றாண்டின் இயேசு சபைக் கர்தினால் ஹுவான் தெ லூகோவோ, கணிதத் துல்லியமான நியாய விலை இறைவனுக்கு மட்டுமே தெரிந்தது என்னும் அளவுக்குப் போனார். அவர்கள் நம்பியது பொது மதிப்பீட்டை, அதாவது வஞ்சகமும் தனியுரிமையும் இல்லாத சந்தையில் விவரமறிந்த மக்கள் அப்பொருளுக்குப் பொதுவாகக் கொடுக்கும் தொகையை.

அம்மதிப்பீடு காலத்தோடு அலையக்கூடியது. பெருந்தொற்றின்போது விமானப் பயணத்தையும் விடுதிகளையும் தவிர்க்க விரும்பிய மக்கள் இவ்வூர்திகளை நாடியதால், 2021-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளியேறின. 2023-இல் அந்த எண்ணிக்கை சுமார் 3 லட்சத்து 13 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. உச்ச காலத்தில் யானை விலை கொடுத்து வாங்கியவர்கள் பலர். அந்த ஏற்றத்தில் அறப்பிழை இருந்ததாகச் சொல்ல முடியாது. பலர் ஒரே நேரத்தில் விரும்பினால் மதிப்பீடு உயர்வது இயல்பு.

அறப்பிழை தொடங்கும் இடம் மறைப்பு. பொ.ஆ.மு. 44-இல் எழுதிய 'கடமைகள் பற்றி' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் உரோமைச் சிந்தனையாளர் சிசரோ ஒரு வீட்டை எடுத்துக்காட்டாக வைக்கிறார்: அதன் மரங்கள் சீர்கெட்டவை, கட்டடம் விழும் நிலையில் உள்ளது, படுக்கையறைகளில் பாம்புகள் தென்படுகின்றன, இவை உரிமையாளர் ஒருவருக்கே தெரியும். அவர் வாய் திறவாமல் விற்றால் தவறு செய்தவராவாரா? ஸ்டோயிக் நெறியாளரான பாபிலோனிய டயோஜெனிஸ், விற்பவர் வாங்கும்படி யாரையும் வற்புறுத்தவில்லை, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்று வாதிட்டார்; அவருடைய மாணவர் அந்திபாட்டரோ, வழி தவறியவருக்கு வழிகாட்டாமல் விடுவதைவிடக் கொடிய செயல் இது என்றார். சிசரோ மாணவரின் பக்கமே நின்றார்: பிறர் அறிந்துகொள்வது அவர்களுக்கு நன்மை பயக்கும் என்று தெரிந்தும் தன் ஆதாயத்துக்காக அவர்கள் அறியாதிருக்க வேண்டும் என்று விரும்புவதே மறைப்பு என்பது அவர் கொண்ட அளவுகோல். மக்கிய மரச்சட்டத்தின் மேல் புதுப் பசையைப் பூசி மெழுகி விற்கும் ஊர்தி உரிமையாளருக்கு இந்த அளவுகோல் எழுத்துப் பிசகாமல் பொருந்தும். அவர் விற்பது வண்டியாகவும் இருக்கிறது, வீடாகவும் இருக்கிறது.

உரோமைச் சட்டமும் சந்தை அதிகாரிகளின் ஆணை வழியாக, அடிமைகளையும் சுமைவிலங்குகளையும் விற்பவர்கள் அவற்றின் குறைகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், தவறினால் விற்பனையை இரத்து செய்யவோ விலையைக் குறைக்கவோ வாங்கியவர் வழக்குத் தொடுக்கலாம் என்று விதித்திருந்தது. அக்குவினாஸ் இதில் நுட்பமான ஒரு வேறுபாட்டைச் சேர்க்கிறார். ஒற்றைக்கண் குதிரையின் குறை பார்த்தவுடன் தெரிவது. அதற்கேற்ப விலையையும் குறைத்துவிட்டவர் அதை வாயால் சொல்லியே தீரவேண்டும் என்பதில்லை, ஏனெனில் சொன்னால் எதிரே நிற்பவர் தகுதிக்கு மீறிய குறைப்பைக் கேட்கக்கூடும். மறைந்திருந்து ஆபத்தையோ இழப்பையோ விளைவிக்கும் குறையைச் சொல்லியே ஆகவேண்டும். பின்கதவில் விழுந்த பள்ளம் முதல் வகை. கூரைக்குள் ஊறிய நீரும் வயதேறிய டயரும் இரண்டாம் வகை. இஸ்லாமிய மரபில், நபிகள் நாயகம் சந்தையில் குவித்திருந்த தானியத்துக்குள் கையை விட்டு அடியில் ஈரம் இருப்பதை அறிந்து, மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வணிகரைக் கேட்டதாகவும், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கூறியதாகவும் ஒரு நபிமொழி உண்டு. இத்தகைய நபிமொழிகளிலிருந்து சட்ட அறிஞர்கள் வகுத்ததே, குறை கண்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை. ஈரத்தைக் கைவிட்டு அறிந்த அந்த நிகழ்ச்சிக்கும் அலமாரி மூலையில் அழுத்தப்படும் ஈரமானிக்கும் இடையே நூற்றாண்டுகள் கடந்தும் கேள்வி மாறவில்லை.

இன்றைய அமெரிக்கச் சட்டம் இவ்வளவு தூரம் வருவதில்லை. வணிகரல்லாத தனிநபர் விற்கும்போது, பொருள் தன் பயனுக்குத் தகுதியானது என்னும் உள்ளார்ந்த உத்தரவாதம் சட்டப்படி எழுவதில்லை. வணிகரும்கூடப் பல மாநிலங்களில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி அதை நீக்கிக்கொள்ளலாம். பழைய கார் விற்கும் வணிகர்கள் உத்தரவாத விவரத்தைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்னும் கூட்டரசு விதி கூட 8,500 பவுண்டுக்குக் குறைந்த மொத்த எடைத் தகுதியுள்ள வண்டிகளுக்கே உரியது; மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை அந்த எடையைத் தாண்டிவிடுவதால் விதிக்கு வெளியே நிற்கின்றன. அறிந்தே பொய் சொன்னால் மோசடி வழக்கு உண்டு, மௌனத்துக்கோ பெரும்பாலும் தண்டனை இல்லை. ஆயினும் 'உள்ளது உள்ளபடி' என்னும் சொற்றொடர் பின்னால் வரக்கூடிய பழுதின் செலவை யார் ஏற்பது என்பதைத்தான் தீர்க்கிறது. என்ன உள்ளது என்பதைச் சொல்லும் கடமையை அது நீக்குவதாகக் கொள்வதற்கு மேலே கண்ட அறநூல்களில் இடமில்லை. மறைப்பின் கேடு ஏமாந்தவரோடு நிற்பதுமில்லை. 1970-இல் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் காட்டியபடி, நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தையில் எல்லா வண்டிகளுக்கும் ஐயத்தின் விலையே கிடைக்கிறது, அதனால் நல்ல வண்டியை வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகுகிறார்.

இனி விலைக்கு வருவோமானால், யூதச் சட்ட மரபு எண்ணையே வரையறுக்கத் துணிந்த மரபு. லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தில் விற்பனையில் ஒருவரையொருவர் வஞ்சிக்கலாகாது என்று வரும் கட்டளையிலிருந்து, தல்மூத் அறிஞர்கள் 'ஓனாஆ' என்னும் கோட்பாட்டை, அதாவது விலைவழி வஞ்சனை பற்றிய விதியை, உருவாக்கினார்கள். சந்தை விலையிலிருந்து ஆறில் ஒரு பங்குக்குக் குறைந்த வேறுபாடு மன்னிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். சரியாக ஆறில் ஒன்று என்றால் விற்பனை நிற்கும், மிகையைத் திருப்ப வேண்டும். அதற்கும் மேற்பட்டால் விற்பனையையே நீக்கலாம். வாங்கியவர் பொருளை ஒரு வணிகரிடமோ உறவினரிடமோ காட்டிக் கேட்பதற்கு ஆகும் நேரம் வரை முறையிடலாம் என்று காலவரம்பும் வைத்தார்கள். இதை இங்கே விரிவாக எடுத்துச் சொல்லக் காரணம் ஒரு விதிவிலக்கு. வணிகரல்லாத இல்லத்தார் தாம் புழங்கிய வீட்டுப் பொருளை விற்கும்போது மேற்கண்ட விதி பொருந்தாது என்று தல்மூத் கூறுகிறது, ஏனெனில் அப்பொருள் அவருக்கு அருமையானது, மிகை விலை கிடைத்தாலன்றி அவர் அதைக் கைவிடமாட்டார் என்பது வாங்குபவருக்கும் தெரிந்ததே.

இவ்விதிவிலக்கில் மனித இயல்பு பற்றிய ஆழ்ந்த அறிவு இருக்கிறது. கணவனும் மனைவியும் ஓய்வுக்காலத்தில் வாங்கி, குளிர்காலந்தோறும் அரிசோனாப் பாலைவனத்தின் குவார்ட்ஸைட்டுக்கு ஓட்டிச் சென்ற ஒரு வண்டிக்கு அவர்கள் சொல்லும் விலையில் கையேட்டின் தொகையோடு அந்தக் குளிர்காலங்களும் சேர்ந்திருக்கும். அதைப் பேராசை என்று சொல்வது பிழை. அக்குவினாஸும், ஒரு பொருளை இழப்பதால் விற்பவருக்கு நேரும் இழப்பைக் கணக்கில் சேர்த்து, பொருளின் தனி மதிப்பைவிட மேலாக அவர் கேட்கலாம் என்று ஒத்துக்கொள்கிறார். ஆனால் அதே இடத்தில் அவர் மறுபுறத்தையும் வைக்கிறார்: வாங்குபவருக்கு அப்பொருளால் பெரும் நன்மை விளையும், விற்பவருக்கோ அதை இழப்பதால் தனி இழப்பு எதுவும் இல்லை என்னும் நிலையில், அந்த நன்மையைக் காட்டி விலையை உயர்த்தக் கூடாது, ஏனெனில் அந்த நன்மை வாங்குபவரின் நிலையிலிருந்து எழுவது, தன்னுடையதல்லாத ஒன்றை எவரும் விற்க முடியாது. இந்த ஒரு கருத்தே இவ்விவாதம் முழுவதிலும் மிக உறுதியான அடித்தளம் என்று தோன்றுகிறது. வாடகை வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, தங்குவதற்கு இடமாகவே ஒரு பழைய டிரெய்லரைத் தேடி வரும் குடும்பத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு விலையை ஏற்றுபவர், தன் வண்டியை விற்கவில்லை, அவர்களுடைய இல்லாமையை அவர்களிடமே விற்கிறார்.

இக்கருத்தைத் திருப்பிப் பார்த்தால் அது வாங்குபவரையும் கட்டுப்படுத்துகிறது. பேரத்தைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் வாங்குபவரை ஏமாறாமல் காப்பதற்காகவே எழுதப்படுவதால், வாங்குபவராலும் அநீதி இழைக்க முடியும் என்பது கவனத்தில் நிற்பதில்லை. விற்பவர் தங்கத்தைப் பித்தளை என்று நினைத்து விற்க, வாங்குபவர் உண்மை அறிந்தும் வாய்மூடி வாங்கினால், அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்று அக்குவினாஸ் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் 1817-இல் வந்த லெய்ட்லா எதிர் ஆர்கன் வழக்கு இதற்கு நேர்மாறான திசையில் சென்றது: 1815-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒருவர், பிரிட்டனோடு சமாதான உடன்படிக்கை ஏற்பட்ட செய்தியை மற்றவர்களுக்கு முன்பே அறிந்து, அது பரவுவதற்குள் புகையிலையைப் பெருமளவில் வாங்கினார், சந்தைக்குப் புறத்தேயுள்ள அத்தகைய செய்தியை வாங்குபவர் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் கருதினார். இரண்டையும் ஒட்டவைக்க ஒரு வழி உண்டு. வரும் மாதத்தில் விலை ஏறும் என்ற செய்தி சந்தையைப் பற்றியது. அக்குவினாஸும்கூட, பஞ்சத்தில் தானியம் கொண்டுவந்த வணிகர் பின்னால் வேறு கப்பல்கள் வருவதைச் சொல்லாமல் விற்றால் நீதிக்கு மாறாகாது, சொன்னால் அது மேலான அறம் என்று ஒப்புகிறார். பித்தளை என்று நினைக்கப்படும் தங்கமோ பொருளையே பற்றியது. கணவனை இழந்து, அவர் பெயரில் நின்ற மோட்டார்ஹோமை என்ன விலைக்கு விற்பது என்று தெரியாமல் மூன்றில் ஒரு பங்கு விலை சொல்லும் பெண்மணியின் முன் நிற்பவர் இந்த இரண்டாம் நிலையில் இருக்கிறார். உடனே பணத்தை எண்ணி வைத்து அடிமாட்டு விலைக்கு ஓட்டிச் செல்வதைச் சட்டம் தடுக்காது; அது நியாயமான கொள்முதல் என்று எந்த மரபும் சான்று தராது.

இதை மிகையான எதிர்பார்ப்பு என்று ஒதுக்கிவிட முடியாதபடி, பேரத்தில் தம் ஆதாயத்தைத் தாமே விட்டுக்கொடுத்தவர்களை மூன்று மரபுகள் தனித்தனியே நினைவில் வைத்திருக்கின்றன. உரோமைச் சட்ட அறிஞர் குயிண்டஸ் ஸ்கெவோலா ஒரு நிலத்தை வாங்கும்போது, தம் மதிப்பீட்டில் அது இன்னும் பெறும் என்று சொல்லி ஒரு லட்சம் செஸ்டர்ஸ் நாணயங்களைக் கூட்டிக் கொடுத்ததைச் சிசரோ பதிந்திருக்கிறார். அது நல்லவன் செயல்தான், அறிவாளியின் செயலன்று என்று சிலர் கூறுவதையும் குறிப்பிட்டு, அவ்வாறு நன்மையையும் அறிவையும் பிரிப்பதையே அவர் கண்டிக்கிறார். நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ், தம் ஆள் பேசி முடித்த குதிரை கூடுதலாகப் பெறும் என்று கண்டு, விற்றவரிடம் தாமே விலையைப் படிப்படியாக உயர்த்தியதாகவும், எல்லோருக்கும் நலம் நாடுவதாக நபிகளிடம் தாம் அளித்த உறுதிமொழியே அதற்குக் காரணம் என்று கூறியதாகவும் இஸ்லாமிய நூல்கள் சொல்கின்றன. யூத மரபின் ராவ் சாஃப்ரா, தொழுகையில் இருந்ததால் பதில் சொல்லாதபோது, மறுக்கிறார் என்று நினைத்து வாங்க வந்தவர் விலையை ஏற்றிக்கொண்டே போக, முதலில் சொன்ன தொகைக்கே மனத்துக்குள் இசைந்துவிட்டதாகக் கூறி அதற்கு மேல் பெற மறுத்தார். இவர் விற்பவராக நின்றவர், ஆயினும் அடிப்படை ஒன்றே.

அப்படியானால் பேரமே தவறா? பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸைப் பின்பற்றிய குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவக் குழுவினர் அவ்வாறே கருதினார்கள். ஏற்கத் தயாராக இருக்கும் தொகையைவிட அதிகம் கேட்பது பொய் என்பதால், தங்கள் கடைகளில் ஒரே விலை சொல்லி அதிலேயே நின்றார்கள். குழந்தையை அனுப்பினாலும் அதே விலைக்கு வாங்கிவரலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வாடிக்கையாளர்களைப் பெருக்கியது. அவர்களுடைய கடுமை மதிக்கத்தக்கது. எனினும் கேட்கும் விலை தொடக்கம் மட்டுமே என்பதை இருவரும் அறிந்திருக்கும் இடத்தில் அது எவரையும் ஏமாற்றுவதில்லை, தனிப்பட்ட ஒரு பழைய வண்டியின் மதிப்பை இருவரும் சேர்ந்து கண்டறிய வேறு வழியும் இல்லை என்பதால், பேரத்தை முழுவதும் விலக்குவது தேவையற்றது என்று கொள்ளலாம். விலக்க வேண்டியவை பேரத்துக்குள் நுழையும் பொய்ச் செய்திகள். நாளைக் காலையில் இன்னொருவர் முழுப் பணத்தோடு வருகிறார் என்று இல்லாத ஆளைச் சொல்வது, இஸ்லாமியச் சட்டம் 'நஜ்ஷ்' என்று பெயரிட்டுத் தடுத்த, வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்கும் செயலுக்கு நெருங்கிய உறவு. வாங்கும் எண்ணமே இல்லாமல் இது என்ன விலை என்று கேட்கக் கூடாது என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்வதும் இதே அக்கறையிலிருந்து பிறந்தது. பொழுதுபோக்காக வந்து, படுக்கைகளைத் தட்டிப் பார்த்து, விற்பவருக்கு நம்பிக்கை ஊட்டிவிட்டுப் போவதையும் அது சொல்லால் செய்யும் வஞ்சனையாகவே எண்ணுகிறது.

எல்லாத் தேவையும் சுரண்டலுக்கு இடம் தருவது என்றும் கொள்ள வேண்டியதில்லை. வட மாநிலங்களில் உறைபனி தொடங்குமுன் வண்டியின் நீர்க்குழாய்களை வடித்து உறைதடுப்பு நீர்மம் ஊற்றி, பனிக்காலம் முழுவதும் நிறுத்துமிட வாடகை கொடுக்க விரும்பாமல் நவம்பரில் குறைத்து விற்பவர் பருவத்துக்கு ஏற்ற விலையைத்தான் பெறுகிறார். அது எல்லோருக்கும் பொதுவான நிலை, பொது மதிப்பீட்டிலேயே அடங்கிவிட்ட ஒன்று. மருத்துவச் செலவாலோ மணமுறிவாலோ ஒருவரை மட்டும் நெருக்கும் தேவை வேறு.

கடினமான வழக்கு, உச்ச காலத்தில் கடனுக்கு வாங்கியவருடையது. இவ்வூர்திகளுக்குப் பத்து முதல் இருபது ஆண்டு வரையிலான நீண்ட கடன்கள் வழங்கப்படுகின்றன. வண்டியின் மதிப்போ முதல் சில ஆண்டுகளிலேயே வேகமாகச் சரிந்துவிடுவதால், விற்க முயலும்போது வங்கிக்குச் செலுத்த வேண்டிய பாக்கி சந்தை விலையைத் தாண்டி நிற்கிறது. அவர் அந்தப் பாக்கியையே விலையாகக் கேட்கிறார். அக்குவினாஸ் அனுமதித்த இழப்பு பொருளைப் பிரிவதால் நேரும் இழப்பு. இவருடைய இழப்போ வாங்கிய நாளிலேயே நேர்ந்துவிட்டது, விற்பனை அதை வெளிப்படுத்துகிறதேயன்றி உண்டாக்கவில்லை. ஆகையால் அதை ஏற்க வாங்குபவருக்குக் கடமை இல்லை, சந்தையின் பொது மதிப்பீட்டைக் கொடுத்தால் அவர் நீதியை நிறைவேற்றியவராகிறார். அதேவேளையில், அடுத்த தவணை என்றைக்கு என்று பேச்சுவாக்கில் கேட்டறிந்து, அதற்கு முந்தைய நாள் வரை இழுத்தடித்து மதிப்பீட்டுக்கும் கீழே விலையை இறக்குவது, வண்டியின் மதிப்போடு தொடர்பற்ற விற்பவருடைய நெருக்கடியைத் தன் ஆதாயமாக்குவதாகும். இத்தகைய விற்பனைகளை இருவரும் வங்கிக் கிளையிலேயே முடித்துக்கொள்ளலாம்: வாங்குபவரின் பணம் நேரே கடன் கணக்குக்குப் போகிறது, மீதியை விற்பவர் தம் சேமிப்பிலிருந்து கட்டுகிறார், அதன் பின்னரே உரிமைப் பத்திரம் விடுவிக்கப்படுகிறது.